சுவர் இருந்தால் போதுமா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள் பெரியவர்கள். எந்த மாதிரிச் சுவர் என்று விவரம் சொல்லவில்லை. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஹால் சுவரைப் பார்த்திருந்தால் பழமொழியைக் கொஞ்சம் திருத்தியிருப்பார்கள்.

தரையிலிருந்து மூன்றடிக்கு ஓதம். பெயின்ட் அப்பளமாகப் பொரிந்து நிற்கிறது. விரலை வைத்தால் உதிர்கிறது. ஒரு இடத்தில் ஆப்பிரிக்கா மாதிரி, கொஞ்சம் தள்ளி ஆஸ்திரேலியா மாதிரி. என் பையனுக்கு பூகோளப் பரீட்சைக்குத் தனியாக அட்லஸ் வாங்கவில்லை.

இந்த உலகப் படத்தோடு பல வருஷம் சமாதானமாகத்தான் இருந்தோம். சேலையூரில் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் வந்ததிலிருந்து நிலைமை மாறிவிட்டது. அங்கே ஒரு சுவர் முழுக்கக் குடும்பப் போட்டோக்கள். சின்னது, பெரியது, சதுரம், வட்டம். 'கேலரி வால்' என்று அதற்குப் பெயராம். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் மனைவி ஒன்றுமே பேசவில்லை. இது எவ்வளவு பெரிய பேச்சு என்று கல்யாணம் ஆன வாசகர்களுக்குத் தெரியும். ஆகாதவர்கள் காத்திருக்கவும்.

மறுநாள் பெயின்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் முதுகைத் தட்டிப் பார்க்கிற மாதிரி சுவரைத் தட்டிப் பார்த்தார். "பழைய பூச்சைக் கொத்தி எடுக்கணும். மறுபடி பூசி, பட்டி பார்த்து, ப்ரைமர் அடிச்சு, மேல ரெண்டு கோட்டு. ஹால் மட்டும் முப்பத்தெட்டு ஆவும் சார்."

முப்பத்தெட்டுக்குப் பின்னால் ஒரு ஆயிரம் ஒளிந்திருக்கிறது என்று புரிய எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

"நாமே செஞ்சுடலாம்" என்றேன் மனைவியிடம். "ஐந்நூறு ரூபாயில."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உங்கப்பாவும் இப்படித்தான் சொல்வார்" என்று மட்டும் சொன்னாள். பாராட்டா, எச்சரிக்கையா, தெரியவில்லை.

* * *

ஐந்நூறு ரூபாயில் வீட்டை அலங்கரிக்க நினைக்கிற தென் புறநகர்வாசிகளுக்கு ஒரே திசைதான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய டிரங்க் ரோட்டில் வாரா வாரம் கூடுகிறது. ரோஜாச் செடி, மூன்று கால் நாற்காலி, டைப்ரைட்டர், ஓடாத கடிகாரம், ஓடுகிற கடிகாரத்தின் ஓடாத பாகம் எல்லாம் கிடைக்கும். யாரோ வேண்டாம் என்று தள்ளியது, பார்த்த மாத்திரத்தில் நமக்கு மிகவும் அவசியம் என்று தோன்றும். அதுதான் அந்த இடத்தின் மகிமை.

பல்லாவரத்தில் பழைய சாமான் கிடைப்பது புதிதில்லை. 1863 மே 30-ம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற வெள்ளைக்கார ஜியாலஜிஸ்ட், இங்கேதான் பழைய கற்காலத்துக் கைக்கோடரி ஒன்றைச் சரளை மண்ணில் கண்டெடுத்தார். இந்தியாவில் கற்கால ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். கல்லுக்கு அவர் காசு கொடுக்கவில்லை, பேரமும் பேசவில்லை. அது அந்தக் காலம்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் உண்டே? வயிற்று வலி என்று அரை நாள் லீவ் சொன்னேன். சந்தையில் ஒரு பழைய டேபிள் ஃபேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், மீட்டிங் இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பிப்போன எங்கள் மேனேஜர். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்று கண்ணாலேயே ஒப்பந்தம் செய்துகொண்டு எதிரெதிர் திசையில் நடந்தோம்.

தேக்குச் சட்டம் போட்ட பழைய ஃபிரேம் நாலு கிடைத்தது. நானூறு சொன்னார். நூற்றைம்பது என்றேன். கிளம்புகிற மாதிரி நாலடி நடந்தேன். அவர் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்தேன். இருநூற்று நாற்பதுக்கு முடிந்தது.

ஒரு ஃபிரேமுக்குள் யாருடைய கல்யாணப் போட்டோவோ அப்படியே இருந்தது. மாப்பிள்ளை கோட்டு போட்டு விறைப்பாக. பெண் தலை நிறைய பூவோடு, கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"இவங்க யாருங்க?"

"தெரியாது சார். மூட்டையா வந்தது. படத்தை எடுத்துப் போட்டுட்டுத் தரட்டுமா?"

"வேணாம், அப்படியே குடுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

* * *

உப்புத்தாள் வாங்கிச் சட்டத்தைத் தேய்த்தேன். கறுப்பாக இருந்தது தேன் நிறத்துக்கு வந்தது. மேலே வார்னிஷ். இந்த இடம் வரை எல்லாம் வெற்றிதான். உள்ளே எதை வைப்பது என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

வீட்டு அலங்காரம் ஏதோ அமெரிக்காவிலிருந்து இறங்கிய கலை என்று நினைக்காதீர்கள். காசில்லாமல் சுவரை ஜோடிப்பதில் நம் பாட்டிமார்களுக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்து லட்சுமியையும் சரஸ்வதியையும் கல்லச்சில் போட்டு விற்றார். அரண்மனைச் சுவரில் இருந்த ஓவியம் ஓட்டு வீட்டுக்கும் வந்தது. நம் பெண்கள் அதோடு விட்டார்களா? படத்து லட்சுமியின் புடவை மேல் நிஜ ஜரிகைத் துணியை வெட்டி ஒட்டினார்கள். நகைக்குச் சமிக்கி, மணி. அச்சில் வந்தது ஆயிரம் லட்சுமி. ஆனால் ஜரிகை கட்டிய லட்சுமி அந்த ஒரு வீட்டில் மட்டும்தான்.

அப்புறம் சிவகாசிக் காலண்டர் வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் தமிழ்நாடு முழுக்கப் போயின. மளிகைக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த காலண்டரில், டிசம்பர் 31 முடிந்ததும் தேதியும் கடைப் பெயரும் கழன்று போகும். சாமி மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு பூஜை அறைக்குள் போகும். வருஷம் முடிந்ததும் ரிட்டயர் ஆகாமல் பிரமோஷன் வாங்குகிற ஒரே ஆசாமி காலண்டர் சாமிதான்.

அம்மாவிடம் அப்படி ஒரு முருகன் இருந்தார். மைதாவில் பசை காய்ச்சி அட்டையில் ஒட்டி ஃபிரேம் போட்டேன். மூன்று மாதத்தில் மயில் தோகையில் ஓட்டை. உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சி வளைந்து நெளிந்து ஓடியது.

"ராமபாணம்" என்றாள் அம்மா. "வெறும் மைதாவையா தடவினே? பைண்டிங் பண்றவங்க துத்தம் கலப்பாங்கடா. நீ பூச்சிக்குப் பந்தி போட்டிருக்கே."

படத்துக்குப் பசையே தேவையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய கறுப்புத் தாள் ஆல்பங்களில் செய்கிற மாதிரி, நாலு மூலைக்கும் முக்கோணமாகக் காகிதம் மடித்து அதில் செருகினால் போதும். பசை காகித மூலையில்தான், படத்தில் இல்லை. எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். செலவு பூஜ்யம்.

* * *

மிச்சமிருந்த ஃபிரேம்களுக்குக் குடும்பப் போட்டோ என்று முடிவாயிற்று.

எங்கள் வீட்டுப் போட்டோக்கள் எட்டடி உயரத்தில், உத்தரத்தை ஒட்டி, கயிறு கட்டி முன்பக்கம் சாய்ந்தபடி தொங்கும். அப்பா மாட்டியது. "படம் நாம பார்க்கறதுக்கா, பல்லி குடியிருக்கறதுக்கா?" என்று காலேஜ் நாளில் கிண்டல் செய்திருக்கிறேன். அப்பா பதில் சொல்லமாட்டார்.

யூ டியூபில் ஒரு அம்மணி, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்கிறார். அதுதான் கண் மட்டமாம். பல மியூசியங்களில் அந்தக் கணக்குத்தானாம்.

57 அங்குலம் என்றால் நாலே முக்கால் அடி. கேட்டதும் எனக்கு 2015 டிசம்பர் 1 ஞாபகம் வந்தது.

அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் கொட்டியது 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் புகுந்துவிட்டது. எங்கள் ஹாலில் ஐந்தடித் தண்ணீர். அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவர்கள் மூன்றாம் நாள்தான் இறங்கி வந்தோம். பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த கல்யாண ஆல்பம் ஊறிப்போய்ச் செங்கல் கனம் கனத்தது. அவசர அவசரமாக மொட்டை மாடி வெயிலில் வைத்துக் காய வைத்தேன். காய்ந்ததும் நிஜமாகவே செங்கல் ஆகிவிட்டது.

அங்கேதான் தப்பு. போட்டோத் தாளின் மேல் படமாக இருப்பது ஜெலட்டின் பூச்சு. ஜெல்லி செய்கிற அதே ஜெலட்டின். ஈரம் பட்டால் உப்பி இளகும். அடுக்கி வைத்தபடியே காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உயிர் போனாலும் பிரியாது. நனைந்த போட்டோவைக் காய விடாமல், நல்ல தண்ணீரில் போட்டு மெதுவாக ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். படம் மேலே பார்க்கும்படி சுத்தமான துணி மேல் நிழலில் உலர்த்த வேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, சாவகாசமாகப் பிரிக்கலாம். அன்றைக்கு எங்கள் ஃப்ரிட்ஜே ஹாலில் மிதந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

நூற்றிருபது படத்தில் தேறியது பதினொன்று. அதில் ஏழு, பந்தி. நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்றே ஒன்று. அதிலும் என் முகத்தை ரசம் ஊற்றுகிறவர் கை மறைக்கிறது. "நம்ம கல்யாணத்துக்கு இந்த ரசம்தாங்க சாட்சி" என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். முதல் வருஷம் அப்படிச் சிரிக்கவில்லை.

எட்டடி உயரத்தில் இருந்த படங்கள் மட்டும் நனையவில்லை. அப்பா 2009-ல் போய்விட்டார். என் கிண்டலுக்குப் பதில் சொல்ல ஆறு வருஷம் காத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாய்த்து மாட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. தரையில் பாய் போட்டு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குப் படம் நேராகத் தெரியும். பின்னால் காற்று போகும். ஓதம் ஏறிய சுவரோடு அட்டை ஒட்டாது. கண் மட்டத்தில் நேராக மாட்டுகிறவர்கள், ஃபிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் பாட்டில் கார்க்கைச் சின்ன வில்லையாக வெட்டி ஒட்டினால் இதே காரியம் நடக்கும்.

* * *

அந்த எட்டடி உயரப் படங்களில் ஒன்று அப்பாவுடையது. 1972-ல் தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்களிடம் இருக்கிற மற்ற எல்லாப் படத்திலும் அப்பாவுக்கு ரேஷன் கார்டு முகம்தான். சிரிப்பது இதில் மட்டும்.

கேலரிக்கு நடுநாயகமாக இதைத்தான் வைப்பது என்று தீர்மானித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்கினேன். பொடி ஆணிகளைப் பிடுங்கிப் பின் அட்டையை எடுத்தேன். போட்டோ வரவில்லை. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம் தொடவில்லைதான். ஆனால் மூடின வீட்டுக்குள் வெள்ளத்தின் ஈரம் போய்த் தொட்டிருக்கிறது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சும்மா இருந்திருக்க வேண்டும். நகத்தால் ஒரு மூலையை நெம்பினேன்.

சின்னச் சத்தம்தான். தாள் என் கையில் வந்தது. படம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அப்பாவின் தோளுக்கு மேலே, பின்னால் இருந்த திரைச்சீலையில் கட்டைவிரல் அகலம் போய்விட்டது. இன்னும் ஒரு அங்குலம் இழுத்திருந்தால் முகம்.

நிமிர்ந்தால் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள்.

"போதும்டா. விடு."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

எங்கள் தெருக்கோடியில் ரிட்டயர் ஆன ஸ்டுடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். டார்க் ரூமில் நாற்பது வருஷம் இருந்தவர். ஃபிரேமை அப்படியே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தம்பி, போட்டோவும் கண்ணாடியும் ரொம்ப வருஷமா ஒண்ணா இருக்குங்க. அதுங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நீங்க போய்ப் பிரிக்கலாமா?"

"இப்ப என்ன சார் பண்றது?"

"கண்ணாடியோட சேர்த்துக் காப்பி எடுங்க. கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் துடைங்க. ஃப்ளாஷ் போடக் கூடாது. ஜன்னல் ஓரமா வச்சு, வெளிச்சம் பக்கவாட்டுல விழணும். உங்க சட்டையும் செல்போனும் கண்ணாடியில தெரியாம இருக்க, உங்க பக்கம் ஒரு கறுப்புத் துணியைப் பிடிச்சுக்கிட்டு எடுங்க. ஸ்கேனர் கிடைச்சா இன்னும் சுலபம்."

பிறகு அவர் சொன்ன மூன்று விஷயங்களை அப்படியே கீழே தருகிறேன். எனக்குக் கட்டைவிரல் அகலத் திரைச்சீலை செலவாகி வந்த ஞானம் இது. உங்களுக்கு இனாம்.

ஒன்று, சுவரில் தொங்குவது காப்பியாக இருக்கட்டும். அசல் பீரோ மேல் தட்டில் இருக்கட்டும். கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகள், கொஞ்சம் தாங்கும். கலர் படம் சாயம். சுவரில் வெளிச்சம் பட்டுப் பட்டே வெளுத்துப்போகும்.

இரண்டு, படமும் கண்ணாடியும் தொடக் கூடாது. நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டின மவுண்ட் அட்டை ஒன்று வேண்டும். அழகுக்காகப் போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது படத்துக்கு மூச்சு விட இடம்.

மூன்று, பின்பக்கம் பென்சிலால் பேர் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும். "பேர் எழுதாத போட்டோவுக்கு ஒரு தலைமுறைதான் ஆயுசு தம்பி. அடுத்தவங்க பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுவாங்க."

எனக்குப் பல்லாவரத்து மாப்பிள்ளையின் கோட்டு ஞாபகம் வந்தது.

* * *

ஸ்கேன் செய்து ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்தேன். பையன் கெட்டிக்காரன். கிழிந்த மூலையில் திரைச்சீலையை வளர்த்துவிட்டான். புள்ளி, கோடு, பூஞ்சைக் கறை எல்லாம் போயிற்று. அப்பாவின் சட்டை சோப்பு விளம்பரம் மாதிரிப் பளீர் என்று இருந்தது. பெருமையோடு அம்மாவிடம் நீட்டினேன்.

வெகு நேரம் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இங்க் கறை எங்கேடா?"

"எந்தக் கறைம்மா?"

"சட்டைப் பையில இருக்குமே. அன்னிக்குப் பேனா கசிஞ்சுடுத்து. ஸ்டுடியோ வாசல்ல போய்த்தான் பார்த்தேன். 'வீட்டுக்குப் போய் வேற சட்டை போட்டுண்டு வாங்க'ன்னு சண்டை போட்டேன். மறுபடி பஸ்ஸுக்கு யார் காசு குடுக்கறதுன்னார். உள்ளே போய் நின்னதும், 'கறுப்பு வெள்ளைப் படத்துல நீல இங்க் தெரியாதுடீ'ன்னு காதுகிட்ட சொல்லிட்டுச் சிரிச்சார். அப்பத்தான் எடுத்தான்."

ஐம்பது வருஷமாக அந்தப் படம் தலைக்கு மேலே தொங்கியது. அப்பா ஏன் சிரிக்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"கறையைத் திரும்ப வைக்கணுமா சார்?"

"ஆமாம்பா."

"எடுக்கறது தானா நடந்துடும் சார். வைக்கறதுதான் வேலை. பழைய ஸ்கேன்ல இருந்து பாக்கெட்டை மட்டும் வெட்டி ஒட்டணும். அறுபது ரூபா ஆகும்."

கொடுத்தேன்.

கணக்கு: ஃபிரேம் 240, உப்புத்தாள், வார்னிஷ் 130, மவுண்ட் அட்டை 160, பிரிண்ட் 200, கறை 60. ஆக மொத்தம் 790. பட்ஜெட்டுக்கு மேல் 290 ரூபாய். ஆப்பிரிக்கா அப்படியே இருக்கிறது. ஆஸ்திரேலியா கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. அதற்கு மேலே 57 அங்குலத்தில் கார்க் வைத்த நாலு ஃபிரேம். ஓட்டைத் தோகையோடு முருகன், அப்பாவும் அம்மாவும், ரசம் ஊற்றுகிறவர் கையோடு நாங்கள், நாலாவதில் பையன். பல்லாவரத்துத் தம்பதியைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. ஒரு கவரில் போட்டு, எங்கே, என்றைக்குக் கிடைத்தார்கள் என்று எழுதி பீரோ மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

இப்போது தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்துப் பேர் சொல்கிறாள். நான் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். முதல் நாள் எழுதியது அப்பா படத்தின் காப்பிக்குப் பின்னால். இரண்டு பேர் பெயர், தாம்பரம், 1972 என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"நீல இங்க்னு எழுது" என்றாள் அம்மா.